‘இருங்க அண்ணாச்சி’ என்று சொல்லாதவர்கள் வாசித்தளிக்கும் மடல்

ஏலம் மணக்கும் மலையடியின் எந்திர ஏந்தலே! வளைவுதோறும் வண்டியின் குரல் கேட்டு வாட்டம் தீர்த்த வல்லவரே! போடிமெட்டு ஏறும் ஜீப்புகளின் பொறுப்பையெல்லாம் புன்சிரிப்போடு சுமந்த பெரியவரே! தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக வீற்றிருந்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் எட்வர்ட் அண்ணாச்சி அவர்களே! வணக்கம், வணக்கம்!

இவ்வளவும் உண்மை. இதற்கு அடுத்து, "பிழையறியாப் பெருந்தகையே" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். முன்கூட்டியே வாங்கிப் படித்த தாங்கள், "அத அடிங்கடா. மேடையில உக்கார வச்சு என்னையக் கேலி பண்றீங்களா?" என்று கேட்டு, அந்த வரி போகாவிட்டால் விழாவுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். அடித்துவிட்டோம். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டுமோ அதை எழுதியிருக்கிறோம். ஆனால் தங்கள் முகம் பார்த்துச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே யாரோ ஒரு பாண்டியின் கதையைப் போலச் சொல்லிப் போகிறோம். அந்தப் பாண்டி இப்போது மேடையோரத்தில் மாலையும் கையுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அண்ணாச்சி எஞ்சினின் ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டால் பணிமனை அடங்கிவிடும் என்பது பாண்டி இங்கே முதலில் கற்ற பாடம். சுத்தியல் நிற்கும், ரேடியோ நிற்கும், தும்மல் வந்தவன் வெளியே ஓடுவான். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி, அது உரசும் சத்தத்திலேயே இடைவெளி சரிதானா என்று அண்ணாச்சி சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் வாய் திறந்தவனுக்கு அன்று முழுக்க கிரீஸ் சட்டி கழுவும் சோலிதான். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. அவர் இடைவெளி வைத்துக் கொடுத்த ஜீப்பு எந்த ஏற்றத்திலும் திணறியதில்லை.

சென்ற ஐப்பசியில் ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்தபோது, முதலாளி பழைய ஜீப்பு ஒன்றுக்கு வெளியூரிலிருந்து வேறொரு எஞ்சின் வாங்கினார். அதை ஏற்றிவரப் போனவன் பாண்டி. விற்றவர் விவரம் சொல்லி அனுப்பினார். "தம்பி, இதுல வால்வத் தள்ளுற டேப்பட்டு ஹைட்ராலிக். உள்ள எண்ணெய் நெறஞ்சு கேப்ப அதுவே அடச்சுக்கிரும். தகடு விட்டுப் பாக்காதீங்க. ஆட்டம் நிக்கிற வரைக்கும் நட்டத் திருகி, அதுக்கு மேல கொஞ்சம் இறுக்கி, அப்படியே சும்மா விட்ருங்க. உள்ள மிச்ச எண்ணெய் இறங்குனப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க." பாண்டி அதை வழி நெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். வந்ததும் சொல்லியிருக்கலாம். எனக்கே டேப்பட் சொல்லித் தர்றியா என்று அண்ணாச்சி கேட்டுவிட்டால் என்ன செய்வது? நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அந்த நேரம் ஒரு விடியற்காலையில் வந்தது. எஞ்சின் கடகடவென்று தட்டியது. மலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி மூடியைக் கழற்ற, பணிமனை அடங்கியது. எல்லா ஜீப்புக்கும் போலவே தகட்டைச் செருகி இடைவெளி வைத்தார். தகடு விடக் கூடாது என்று தெரிந்த பாண்டி துணியை எடுத்துக் கை துடைத்தான். எஞ்சின் முன்னைவிட மோசமாகத் தட்டியது. நெற்றியைச் சுருக்கி யோசித்த அண்ணாச்சி, இதற்கு இடைவெளியே ஆகாது என்று தாமாகவே கண்டுகொண்டு நட்டுகளை இறுக்கினார். பாதியை அவர் பிடித்துவிட்டார், மீதிப் பாதி பாண்டியின் வாயில் இருந்தது. எண்ணெய் இறங்கட்டும், அண்ணாச்சி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றான். அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். எண்ணெய் நிறைந்து விறைத்திருந்த டேப்பட்டுகள் வால்வுகளை மூட விடவில்லை. பிஸ்டன் மேலே வந்து அவற்றில் இடித்தது. உள்ளே தள்ளுகம்பிகள் வளைந்துபோயின.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பறிப்புக் காலத்தில் அன்றைய கூலி போயிற்று. "வயசாயிருச்சுல்ல," என்று கருப்பம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். அடங்கிக் கிடந்த பணிமனையில் அது எல்லார் காதிலும் விழுந்தது. அண்ணாச்சி தகட்டைத் துடைத்து, சுவரில் அதன் ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனார்.

மறுநாள் பாண்டி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணாச்சி திட்டவில்லை. "தெரியாமப் பண்ணதுக்கு எனக்கு வெக்கமில்லடா. தெரிஞ்ச நீ எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு நின்னேல்ல? அப்படில்ல ஒங்கள வச்சிருந்திருக்கேன். இத வீட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்ல முடியலடா," என்றார்.

புதிய கம்பிகள் போன வாரம்தான் வந்தன. அதே ஜீப்பு, அதே விடியற்காலை, அதே பெண்கள். "இன்னைக்கு எல்லாரும் பேசுங்கடா. ரேடியோவப் போடு," என்றார் அண்ணாச்சி. ரேடியோ பாடியது, ஒருவரும் பேசவில்லை. அவர் நட்டுகளை அளவாக இறுக்கினார். சாவியில் கை வைத்து, திருப்பாமல், பாண்டியைப் பார்த்தார். எழுதவே கை கூசுகிறது, அன்றும் பாண்டிக்கு வாய் வரவில்லை. கடைசியில் பின் சீட்டிலிருந்து கருப்பம்மாள்தான் கத்தினாள். "ஏண்டா பாண்டி, அந்த மனுசன் ஒனக்காகத்தான காத்துக்கிட்டு நிக்கிறாரு! சொல்லித் தொலையேண்டா!"

"இருங்க அண்ணாச்சி. எண்ணெய் இறங்கட்டும்."

"சரிடா," என்று அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். இருவருக்கும் டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்து, தட்டல் இல்லாமல் மலையேறிப் போயிற்று.

அருங்குணத்து அண்ணாச்சியே! எங்களைப் பயத்தில் வைத்திருந்ததாக எண்ணிக்கொண்டே தாங்கள் வீடு திரும்பிவிடுவீர்களோ என்பதுதான் இன்று எங்களுக்குள்ள ஒரே கவலை. அந்தப் பயத்தைத் தாங்கள் தரவில்லை. பேசாமல் இருப்பது வசதியாக இருந்தது, அதற்கு மரியாதை என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். துணைவியார் கிருபாராணி அம்மையாரோடு நோய் நொடியின்றி, மனக்குறை ஏதுமின்றி, மலைக்காற்றும் நல்லுறக்கமும் மாறாமல் வாய்த்து நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம்.

மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தருவதே முறை. தரமாட்டோம். மாலையும் சால்வையும் தங்களுக்கு. மடல், பணிமனைச் சுவரில் தங்கள் தகடு தொங்கும் ஆணிக்கு மேலே, மூடியைக் கழற்றுகிறவன் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்.

வாசித்ததில் எங்கேனும் பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அண்ணாச்சி. மாலை போடாமல் காத்திருக்கிறோம்.

தலைகுனிந்து வணங்கும்,
பாண்டி, சோணை, யோகராஜ்
மற்றும் பணிமனைத் தொழிலாளர்கள்,
போடிநாயக்கனூர்.