குளக்கரையில் விட்ட துணி

கார்த்திகையில் காரைக்கால் பக்கம் துணி காய்வதே இல்லை. வானம் கடலோடு ஒட்டிக் கிடக்கும். வயல்கள் நீரில் அமிழ்ந்து, வெயில் என்பது கேள்விப்பட்ட பொருளாகிவிடும். ஈசன் உலகை ஈரத்தில் ஊறவைத்து மெல்லப் பிழியும் காலம் அது.

ஐயா, காரைக்காலுக்குத் தெற்கே உள்ள வாஞ்சூர் எல்லையை நான் தாண்டி ஆண்டுகள் பல. எழுபத்தொன்றில், கீழத்தஞ்சையில் ஒரு பண்ணையாரை நானும் மருதையனும் வெட்டிக் கொன்றோம். அவன் திருப்பூருக்கு ஓடினான். இது புதுச்சேரி ஆட்சி, தமிழ்நாட்டுப் போலீஸ் எளிதில் வராது என்று நான் இங்கு நுழைந்து, பெயரை மாற்றி, தந்தை பயிற்றிய பதிகங்களைத் திருநள்ளாற்றில் பாடி வாழ்ந்தேன். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். அவற்றுக்குள் நடமாடப் பழகிக்கொண்டேன்.

எண்பத்துமூன்று கார்த்திகையில் மருதையன் வந்தான். என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன தோழர், விபூதி அமோகமா இருக்கு? அன்னைக்கு சாமி படத்தை அடுப்புல போட்டது நீங்கதான?”

“இங்க என்னை ஓதுவார்னு சொல்லு.”

“சொல்றேங்க. நாளைக்கு நாகப்பட்டினம் ஸ்டேஷன்ல தோழர்னுதான் சொல்லுவேன். என்னால முடியல. பண்ணையாரம்மா வாசல்ல நின்னு கத்துனது இன்னும் காதுல கேக்குது. நீங்களும் வந்துருங்க.”

அவன் போய்ச் சொல்லிவிட்டால் நான் எங்கே போவது? கிழக்கே கடல்தான் இருந்தது. ஆயினும் மறுக்கவில்லை. சனி தோஷம் நீங்க நீராடிவிட்டுப் போ என்றேன். இங்கு வருவோர் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியைக் குளக்கரையிலேயே விட்டு, புதுத்துணி உடுத்துவது வழக்கம். அவனுக்கென்று புது வேட்டி ஒன்று வாங்கினேன். என் உள்ளத்தில் தீங்கு இல்லை என்பதற்கு அந்த வேட்டியே சான்று.

குளத்தில் சனிக்கிழமைக் கூட்டம். ஆகவே விடியலில் அரசலாற்றுக்கு அழைத்துச் சென்றேன்.

“சனி புடிச்சது எனக்கா, உங்களுக்கா?” என்று கேட்டபடியே தலையைக் குனிந்து கொடுத்தான். எண்ணெய் தேய்த்தேன். சீயக்காய் படாதிருக்கக் கண்களை மூடிக்கொண்டான். நீரில் முழுக்கினேன். எண்ணெய்த் தலை வழுக்கும். இரு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பதிகம் பாடி முடியும்வரை பிடித்திருந்தேன். பிறகு வெள்ளம் அவனைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று.

அவன் சட்டையையும் கைலியையும் குளக்கரையில் குவிந்திருந்த துணிகளோடு போட்டேன். அங்கே கிடப்பது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. என் வேட்டி நனைந்திருந்தது. புது வேட்டியை நானே உடுத்திக்கொண்டேன்.

தை மாதத்தில் அவன் மனைவி நீலாயதாட்சி தேடி வந்தாள். “திருநள்ளாறு போறேன்னுதாங்க சொல்லிட்டு வந்தாரு. நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

பார்க்கவில்லை என்றேன். அவள் அழுததை என்னால் தாங்க இயலவில்லை. சன்னதிக்கு அழைத்துச் சென்று, மருதையன் பெயருக்கு எள் தீபம் ஏற்றி, ஆற்றில் பாடிய அதே பதிகத்தைப் பிழையின்றிப் பாடினேன். அவள் நெற்றியில் விபூதி இட்டு, மனமாரச் சொன்னேன்:

“தீர்க்கசுமங்கலியா இரும்மா.”