சோப்புப் படாத கிண்ணம்

சவ்வுப் புரதங்களைச் சலியாது ஆராய்ந்த சான்றாண்மையே! கண்காணாக் கதவுகளைக் கண்டறிந்த கூர்மதியே! கோபத்துக்கு என்றுமே குறைவைக்காத குணக்குன்றே! எங்கள் பேராசிரியைப் பெருந்தகையீர்!

வணக்கம். பணிநிறைவுப் பாராட்டு மடலைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமாம். இன்று எங்களால் ஆகாது. வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் வாழ்த்த வந்திருக்கிறோம், பொறுத்தருள்க!

முன்வரிசையில் வீற்றிருக்கும் தங்கள் கணவருக்கும் மகளுக்கும், தாங்கள் தினமும் வீட்டுக்குத் தாமதமாக வந்த காரணத்தை நாங்களே சொல்லிவிடுகிறோம். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. அதில் பதிந்திருக்கும் புரதங்களே வாயிற்காவலர்கள். அவற்றுள் ஒன்றைப் பிடித்து, சின்னஞ்சிறு மருந்து மூலக்கூறு வந்து ஒட்டினால் அது கதவைச் சாத்திக்கொள்ளும் என்று முதன்முதலில் சொன்னவர் தாங்கள். சொன்னதும் என்ன நடந்தது? “சவ்வுலேர்ந்து பிரிச்செடுக்கச் சோப்பு போட்டீங்களே, அந்தச் சோப்பு பண்ண வேலைங்க அது!” என்று மாநாட்டில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

பதில் சொல்ல ஒரே வழிதான்: சோப்பே இல்லாத சவ்விலும் மருந்து பட்டால் அந்தக் கதவு மூடுவதைக் காட்டுவது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணம். அதன் நடுச்சுவரில் ஊசிமுனையளவு ஓட்டை. அதன்மேல் தூரிகையால் கொழுப்பைப் பூசினால் சவ்வு நிற்கும். அந்தச் சவ்வில் புரதத்தை ஏற்றி, கதவு திறக்கையில் மின்னோட்டம் ஏறுவதையும் மூடுகையில் இறங்குவதையும் திரையில் பார்க்கலாம். கிண்ணத்தில் சோப்பின் சாயல் இருந்தால்கூடச் சவ்வு பட்டென்று கிழிந்துவிடும்.

ஆகவேயன்றோ, சோப்பு என்றாலே தாங்கள் குதி குதியென்று குதித்தீர்கள்! “கையைக் கழுவிட்டு அப்படியே வந்து கிண்ணத்தைத் தொடுறியா? நாளையிலேர்ந்து அந்தக் கையை வீட்டுலேயே வச்சுட்டு வா!” என்று எங்களில் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யார்? கல்யாணப் பத்திரிகை நீட்டியவரின் கையையே முகர்ந்து பார்த்த மகராசி அல்லவா தாங்கள்! அந்தத் திட்டுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவற்றில் ஒன்றுகூட அநியாயமாக விழுந்ததில்லை.

அப்படிப்பட்ட ஆய்வகத்தில், அந்தச் சோதனை முடிவதற்குள், இந்த விழாவுக்கு வரும் விருந்தினர் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, இதோ இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கும் அலுவலக மேலாளர் ஆணையிட்டார். எங்களில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிண்ணங்கள் அத்தனையும் எலுமிச்சை மணக்கும் பாத்திரச் சோப்பில் ஊறிக் குளித்து வெளியே வந்தன. ‘இங்கே சோப்பு நுழையக் கூடாது’ என்று தாங்கள் கைப்பட எழுதிக் கதவில் ஒட்டிய தாளையும் கிழித்துப் போட்டார்கள். அது பார்க்க அசிங்கமாக இருந்ததாம்! ஐயா மேலாளரே, யாருக்கு அசிங்கம்?

அன்று தாங்கள் உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்து முகர்ந்தீர்கள். கூரை பிய்ந்துகொண்டு போகும் என்று நாங்கள் காதைப் பொத்தத் தயாரானோம். “பரவாயில்லை, விடுங்கப்பா. போற நேரத்துல எதுக்குச் சண்டை?” என்றீர்கள்.

அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. பிறகு எதை ஊற்றிக் கழுவியும் ஒரு சவ்வும் நிற்கவில்லை. தாங்களோ புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினீர்கள். மேடம், உள்ளதைச் சொல்கிறோம்: மேலாளர்மேல் வந்த கோபத்தைவிட உங்கள்மேல் வந்த கோபம் பெரிது. துளிச் சோப்புக்கு எங்களை ஓட ஓட விரட்டிய நீங்கள், வாளிச் சோப்புக்கு வாயை மூடிக்கொண்டால் என்ன நியாயம்?

ஆதலால் தாங்கள் படாத கோபத்தை நாங்கள் பட்டோம். பட்டறைக்காரரிடம் போய் நின்றோம். அவர் புதுப் பிளாஸ்டிக்கைக் கடைந்து, ஓட்டை போட்டு, “இதுல சோப்பு பட்டா நான் பொறுப்பில்லை” என்று கையுறையோடு கொடுத்தார். இன்று மதியம் அதில் சவ்வு நின்றது. இந்த நிமிடம் வரை நிற்கிறது. கடைசிக் குழாய்ப் புரதம் பனிக்கட்டியில் இருக்கிறது. மருந்தும் பக்கத்தில் தயார்.

ஆய்வகக் கதவைத் திறக்கும் தங்கள் அட்டை இன்று மாலையோடு செத்துப்போகும். நாளை தச்சர்கள் வந்து அந்த அறையைக் கூட்ட அரங்காக்குவார்கள். மருந்து பட்டதும் மின்னோட்டம் இறங்குமோ இறங்காதோ, எங்களுக்குத் தெரியாது. தாங்கள் சொன்னது தப்பென்றே ஆனாலும் ஆகட்டும். அதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும், எலுமிச்சைச் சோப்பு முடிவு செய்யக் கூடாது!

நோய்நொடி அண்டாமல், நெஞ்சுரம் குன்றாமல், நெடுங்காலம் வாழ்க! இன்னும் நாலு பேர் பேச இருக்கிறார்கள், கேக்கும் வெட்டவில்லை. அதெல்லாம் காத்திருக்கும், சவ்வு காத்திருக்காது. இந்த மடலைச் சட்டம் போட்டு நாளை வீட்டுக்கே கொண்டுவருகிறோம். இப்போது எழுந்திருங்கள், மேடம். ஆய்வகத்துக்குப் போங்கள். போனதும் அங்கே இருக்கிறவரின் கையை முகர்ந்து பார்த்து, நாலு திட்டு திட்டிவிட்டு உட்காருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் திட்டுக்காகக் காத்திருக்கும் ஆய்வகத்தார்
(ஒருவர் நீங்கலாக; அவர் கிண்ணத்துக்குக் காவல் இருக்கிறார்)