செற்றியில் படுத்த நோயாளி

...பரிசளிப்பு விழாவிலை படிப்பைப் பற்றிப் பேசுங்கோ எண்டு சங்கத் தலைவர் மைக்கைத் தந்திட்டார். ஆரிட்டை? பள்ளிக்கூடத்து ஓ.எல் சோதினையையே இரண்டு தரம் எடுத்த என்னட்டை! இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டு வந்ததை வாசிச்சன். முன்வரிசையிலை இரண்டு பேர் நித்திரை. அதை மடிச்சு வைச்சிட்டு உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லட்டே? கதையிலை ஒரு விசரன் வாறான், முழுப் பைத்தியக்காரன். ஆரெண்டு தேடாதேங்கோ... உங்களுக்கு முன்னாலைதான் நிக்கிறன்.

என்ர மூத்தவள் சாம்பவியை உங்களுக்குத் தெரியும். யுனிவேர்சிற்றியிலை உயிரியல் படிச்சு முடிச்சவள். உயிரியல் எண்டுதான் அவள் சொன்னவள். நான் உங்களுக்கு என்ன சொன்னனான்? "மகள் மெடிசின் பக்கம்." பக்கம்! நான் பாண் சுடுற பக்டரியும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலைதான் இருக்கு. அப்பிடிப் பாத்தா நானும் மெடிசின் பக்கம்தான்.

டிகிரி முடிஞ்ச கையோடை பிள்ளை வந்து நிக்கிறாள். "அப்பா, நான் நேர்சிங்குக்கு அப்ளை பண்ணப் போறன்."

"திரும்பவும் முதலிலை இருந்தோ?"

"இல்லையப்பா. ஏற்கெனவே ஒரு டிகிரி உள்ள ஆக்களுக்கெண்டு தனிப் படிப்பு. நாலு வருசத்தை இரண்டு வருசத்திலை முடிக்கலாம். இடம்தான் கொஞ்சம், கேக்கிற ஆக்கள் கனக்க."

நான் வாயைத் திறக்கேல்லை. எவ்வளவு பொறுமையான தகப்பன் எண்டு நினைக்கிறியளோ? மண்ணாங்கட்டி! ஆற்றை பிள்ளை என்ன படிக்குது எண்டு விசாரிக்கிற எங்கட குகனேசண்ணை அடுத்த கலியாண வீட்டிலை கேட்டா என்ன சொல்லுறது... அதைத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்.

பிள்ளை ஓடுப்பட்டுத் திரிஞ்சாள். உடற்கூற்றியல் பாடம் முதல் வருசத்திலை படிச்சது, கனகாலமாப் போச்சு, அது செல்லாது எண்டிட்டினம். திரும்ப எடுத்தாள். சனிக்கிழமையிலை முதியோர் இல்லத்திலை போய் வயசானவையின்ர வாயிலை சோறு தீத்தினாள். ஏன் நேர்சிங் எண்டு கட்டுரை எழுதினாள், கிழிச்சாள், எழுதினாள். இரண்டு இடம் ஏலாது எண்டிட்டுது. மூண்டாவது இடம் இன்ரர்வியூவுக்குக் கூப்பிட்டுது. இந்த வருசத்துக்கு அதுதான் கடைசி. அதுவும் போனா ஒரு வருசம் காத்திருக்க வேணும்.

இன்ரர்வியூவுக்கு முதல் நாள் பின்னேரம் வாறாள். "அப்பா, அங்கை ஒரு அறையிலை ஒருத்தர் நோயாளி மாதிரி நடிப்பாராம். நான் எப்பிடிக் கதைக்கிறன் எண்டு பாத்துத்தான் புள்ளி. நீங்கள் ஒருக்கா இந்தச் சோபாச் செற்றியிலை படுங்கோவன்."

படுக்கிறதோ? அதிலை நான் பெரிய பட்டதாரி! குசினிக்குள்ளை இருந்து மனுசி வதனி சொல்லுறா, "உவருக்கு என்னத்துக்குப் பிள்ளை நடிப்பு? தும்மல் தடிமன் வந்தாலே மரண வாக்குமூலம் குடுக்கிற ஆள்."

போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்தன். பிள்ளை சுவரிலை தட்டிப்போட்டு வாறாள். "வணக்கம் ஐயா. என்ர பேர் சாம்பவி. நான்தான் இண்டைக்கு உங்களைப் பாக்கிற நேர்ஸ். எங்கை நோகுது?"

ஐயாவாம்! பெத்த தகப்பனை!

எனக்கும் நடிப்பு ஏறிட்டுது. "நேர்ஸோ? எனக்கு நேர்ஸ் வேண்டாம். டொக்டரைக் கூப்பிடு!"

"டொக்டர் வருவார் ஐயா. அதுவரைக்கும் நான் இருக்கிறன். தண்ணி குடிக்கிறியளோ?"

"நீ என்ன படிச்சனி?"

"உயிரியல் ஐயா. பிறகு நேர்சிங்."

"உவ்வளவு படிச்சிட்டு ஆக்களின்ர படுக்கை மாத்த வந்தனியோ? உன்ர தேப்பன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

...குசினியிலை அகப்பைச் சத்தம் நிண்டிட்டுது.

சொல்லுங்கோ, அது நோயாளி கேட்ட கேள்வியோ? எத்தினை மாசமா என்ர தொண்டைக்குள்ளை கிடந்த கேள்வி!

பிள்ளையின்ர முகம் மாறேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். போர்வைக்கு வெளியிலை கிடந்த என்ர காலை மூடிவிட்டாள்.

"இல்லை ஐயா, அப்பா ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்கு நோகுது. வேண்டாம் எண்டிருந்தா சண்டையாவது பிடிச்சிருப்பன். ஆக்களுக்கு என்ன சொல்லுறது எண்டு அவருக்குப் பயம். பரவாயில்லை... பயந்த ஆக்களுக்குப் பக்கத்திலை இருக்கிறதுதானே ஐயா என்ர வேலை. நான் இருப்பன்."

நான் என்ன செய்தன்? "எனக்குத் தலையிடிக்குது, இண்டைக்கு இவ்வளவும் காணும்" எண்டு போர்வையாலை முகத்தை மூடினன். அவள் விட்டாளே? போர்வைக்குள்ளை கையை விட்டு நெத்தியைத் தொட்டுப் பாக்கிறாள். "காய்ச்சல் இல்லை ஐயா."

குசினியிலை இருந்து குரல் வருது, "இஞ்சேரப்பா, நோயாளி எழும்பித் தேத்தண்ணி குடிக்கலாமோ?"

அடுத்த நாள் நான்தான் காரிலை கூட்டிக்கொண்டு போனன். முடிஞ்சு சிரிச்சுக்கொண்டு வாறாள். "அப்பா, அங்கை படுத்திருந்த மனுசன் சரியான பாவம். டொக்டரைக் கூப்பிடு எண்டு சும்மா இரண்டு தரம் கத்தினார். அவற்றை நடிப்பு உங்கட நடிப்புக்குக் கிட்டவும் வராது!"

இன்ரர்வியூ முடிவு இன்னும் வரேல்லை. பொறுங்கோ, கை தட்டாதேங்கோ. இடம் கிடைச்ச பிறகு நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லலாம் எண்டுதான் இருந்தன். அப்பிடிச் சொன்னா அதே பழைய விசரன்தானே? குகனேசண்ணை, மூண்டாம் வரிசையிலை இருக்கிறியள், வடிவாக் கேளுங்கோ. என்ர மகள் டொக்டருக்குப் படிக்கேல்லை. நேர்சிங்குக்கு அப்ளை பண்ணியிருக்கிறாள். ...சொல்லிட்டன். மண்டபத்துக் கூரை விழேல்லை. பின்னாலை நிண்டு தலையிலை கை வைக்கிறாளே, அவள்தான்.

ஏன் இதைச் சொல்லுறன்? இண்டைக்குப் பரிசு வாங்கிற பிள்ளையளுக்கு இல்லை; அவையின்ர அம்மா அப்பாமாருக்கு. பிள்ளை என்ன படிக்க வேணும் எண்டு நாங்கள் எப்பவும் கலியாண மண்டபத்திலை நிண்டுகொண்டுதான் யோசிக்கிறம். ஆர் என்ன கேப்பினம், நாங்கள் என்ன சொல்லுவம்... இதுதானே? ஒருக்கா வீட்டை போய்ச் செற்றியிலை படுத்துக்கொண்டு யோசியுங்கோ. உங்களுக்கு நோய் வந்து ஏலாத நேரம் கதவைத் தட்டிக்கொண்டு ஆர் வர வேணும் எண்டு அப்ப விளங்கும்.

படுக்கேக்கை காலை மட்டும் போர்வைக்கு வெளியிலை விடுங்கோ. மூடிவிடுற பிள்ளை உங்கட வீட்டிலையும் இருக்கும்.