அதே காற்றுதான்

டயருக்குக் காற்று அடிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பம்பைப் பொருத்த வேண்டும், அடிக்க வேண்டும், கேஜில் அளவைப் பார்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனாலும் ஒன்பது வருடமாக காஷ்பரின் சைக்கிளுக்கு என்னைத் தவிர வேறு யாரும் காற்று அடித்ததில்லை. நீங்கள் கேட்டது கேஜைப் பற்றி. மேஜைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது என்னுடையதுதான். முள்ளைத் தள்ளி வைத்ததும் நான்தான். அதில் வாதாட ஒன்றும் இல்லை.

எங்களுடையது மலையுச்சியிலிருந்து அடிவாரம்வரை சைக்கிளில் இறங்கும் பந்தயம். வேரும் பாறையும் சேறுமாக மூன்றரை நிமிடம். வசந்தத்தில் ஸ்காட்லாந்தில் தொடங்கும். அப்புறம் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ். கடைசியாகக் கனடா. ஐரோப்பா முழுக்க வேனை நான்தான் ஓட்டுவேன். பக்கத்து இருக்கையில் காஷ்பர் காலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு தூங்குவான். பின்னால் இரண்டு சைக்கிள், கருவிப்பெட்டி, ஓர் அடுப்பு, ஒரு பாட்டில் பூசணி விதை எண்ணெய். எங்கள் ஊர் மாரிபோர். அந்த எண்ணெய் ஊற்றாத இலைதழையை மாரிபோர்க்காரன் தின்ன மாட்டான். எங்கள் அணி என்பது அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் வார்ப்படத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு மனிதர்கள் கிடைப்பதில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போஹோர்யே மலையடிவாரத்தில் வாடகைச் சைக்கிள்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காஷ்பர் வளைந்துபோன சக்கரத்தோடு வந்தான். சரிசெய்து கொடுத்தேன். மறுநாளும் வந்தான்.

பந்தய நாளில் வீரன் தன் சைக்கிளைத் தொடுவதில்லை. மெக்கானிக் அதைக் கம்பியில் தொங்கிப் போகும் லிப்டில் ஏற்றி மேலே கொண்டுபோவான். சட்டத்தில் ஒட்டிய வெள்ளை நாடாவில் காற்றின் அளவை எழுதுவதும் மெக்கானிக்தான். புறப்படும் வாசலில் காஷ்பர் கேட்பான், "காத்து?" நான் டயரை இரண்டு தட்டுத் தட்டி, "அதே காத்துதான். முன்னாடி இருபத்துமூணு, பின்னாடி இருபத்தாறு" என்பேன். அவன் குளிருக்குப் போட்டிருக்கும் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பாய்வான். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் லிப்டில் இறங்குவேன். லிப்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதனால் ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவன் கோட்டைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. கீழேயிருந்து வரும் ஆரவாரத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். ஜாக்கெட்டில் அவன் சூடு பாதி தூரம்வரை இருக்கும்.

போன ஏப்ரலில் ஸ்காட்லாந்து போகும் வழியில் சொன்னான்.

"பெருசு, ஒண்ணு சொல்லணும். வண்டிய நிறுத்தாத, ஓட்டிக்கிட்டே கேளு."

"சொல்லு."

"அடுத்த வருஷம் ஒரு அமெரிக்க டீமுக்குப் போறேன். இந்த சீசன மொத பத்துக்குள்ள முடிச்சா கையெழுத்துப் போட்டுருவாங்க."

"அப்ப நான்?"

சிரித்தான். "அவங்ககிட்ட நாலு மெக்கானிக் இருக்கானுங்கய்யா. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். உன்ன மாதிரி டயர மோந்து பாத்து காத்து அடிக்க மாட்டானுங்க. நீ நிம்மதியா வீட்டுல இரு. எத்தன வருஷந்தான் இந்த வேன்லயே கொறட்ட விடுவ?"

எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. சாலையில் கவனமாக இருந்தேன்.

ஸ்காட்லாந்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. நான்காவதாக வந்தான். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனே போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனான், அமெரிக்கர்களோடு பேச.

ஆஸ்திரியாவில், ஜூன் மாதம், கேஜின் கண்ணாடியைக் கழற்றி முள்ளை ஒரு கோடு பின்னால் வைத்தேன். அது இருபத்துமூன்று காட்டும்போது டயருக்குள் இருபத்துநாலு இருக்கும். பிரேக்கை அறுக்கவில்லை. திருகைத் தளர்த்தவில்லை. அதெல்லாம் ஆளைக் கொல்ல நினைப்பவர்கள் செய்வது. ஒரு கோடு கூடினால் முன்சக்கரம் ஈரமான வேரைக் கவ்வாமல் லேசாக வழுக்கும். அவ்வளவுதான். பன்னிரண்டாவதாக வந்தான்.

இத்தாலியில் இன்னொரு கோடு. பயிற்சி முடிந்து வந்தவன் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கே பெருசு. முன்சக்கரம் புடிக்கவே மாட்டேங்குது."

கேஜை மாட்டிக் காட்டினேன். "நீயே பாரு."

குனிந்து பார்த்தான். "இருபத்துமூணு. சரியாத்தான் இருக்கு. அப்ப கோளாறு என்கிட்டதான்."

நான் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனாகத்தான் சொன்னான். அவன் கட்டைவிரல் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் ஒன்பது வருடமாக அவன் விரலைவிட என் முள்ளை நம்பித்தான் மலை இறங்கியிருக்கிறான். பத்தொன்பதாவதாக வந்தான். சுவிட்சர்லாந்தில் முப்பத்தொன்று.

அந்தக் கோடை எனக்கு நல்ல கோடை. முன்பெல்லாம் பந்தயப் பாதையை மற்ற அணிப் பையன்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து பார்ப்பான். இப்போது என்னைக் கூப்பிட்டான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, "நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டான். நான் வேலை செய்யும்போது கவிழ்த்துப்போட்ட வாளிமேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சரியாகச் சாப்பிடவில்லை. கோதுமைக் களி கிண்டி, பன்றிக் கொழுப்பைப் பொரித்து மேலே போட்டுக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் இறங்கும்.

"அவங்க போனே எடுக்கறதில்ல பெருசு" என்றான் ஒரு நாள்.

"போனாப் போறானுங்க. நம்ம வேன் எங்க போகப் போகுது?"

"நீ ஒருத்தன்தான் மாறாம இருக்க" என்றான்.

அத்தோடு முள்ளைப் பழைய இடத்தில் வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். இது நிஜம். ஆனால் பிரான்ஸில் அமெரிக்கர்கள் கூப்பிட்டார்கள். கனடாவில் முதல் பத்துக்குள் வந்தால் போதும், மற்றதை மறந்துவிடுகிறோம் என்றார்களாம். வேனைச் சுற்றி ஓடி வந்து சொன்னான். அவன் அப்படிச் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கனடாவில் முள்ளை மேலும் இரண்டு கோடு தள்ளினேன். மொத்தம் நாலு.

அன்றைக்கு மழை. வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"காத்து?"

"அதே காத்துதான்."

"சத்தியமா?"

அதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை. "என்மேலயே சந்தேகமாடா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "சேச்சே. உன்மேல இல்ல பெருசு. என்மேலதான்."

ஜாக்கெட்டைக் கொடுத்தான். போனான்.

லிப்ட் பாதி வழியில் பாறைகளுக்கு மேலாகக் கடக்கும். கீழே சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் மண்டியிட்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் சைக்கிள் தனியாகக் கிடந்தது. முன்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மேலேயிருந்தே தெரிந்தது. அன்று ஆரவாரம் எதுவும் கேட்கவில்லை. ஜாக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது லுப்லியானாவில் மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறான். முதல் இரண்டு மாதம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இப்போது புதன்கிழமை அவன் அக்கா நேஜா, ஞாயிற்றுக்கிழமை நான். ரயிலைவிட்டு இறங்கி நான் நடந்து வருவதை ஜன்னலருகே இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லாத்தான் ரெடி பண்ணிக் குடுத்த. நான்தான் ஒழுங்கா ஓட்டல. மன்னிச்சுக்க பெருசு" என்றான். பரவாயில்லை என்றேன்.

நேஜா போன மாதம் தன் சைக்கிளுக்குக் காற்று அடிக்க என் பெட்டியிலிருந்து கேஜை எடுத்துப் போனாள். பக்கத்து வீட்டுக்காரரின் கேஜ் வேறு எண் காட்டியிருக்கிறது. நான் இப்போது இருக்கும் வாடகை அறையின் வாசலில் வந்து நின்றாள்.

"இதுல முள்ளு தள்ளி இருக்கு, ஸ்டான்கோ. எப்பலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து."

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் தெனமும் தன்னையே திட்டிக்கிட்டு கெடக்கானே. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தது. முள்ளைத் திருப்பி வைக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்ததே, ஏன் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். ஜூனுக்குப் பிறகு அவன் சைக்கிள் அந்த முள்ளை நம்பித்தான் ஓடியது. அதை மாற்றியிருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

அவனுக்கு அடிபட வேண்டும் என்று நினைத்தாயா என்றால், இல்லை. அவன் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி இடப்பக்கமாகவே இழுக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்கிறான். நேராகத் தள்ளப் பழகிவிட்டால் நேஜா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நாற்காலியில் ஒன்றும் இல்லை, உன் இடது கையில்தான் வலு போதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பாவம், வாரம் முழுக்கத் தாழ்வாரத்தில் இடது கைக்குப் பயிற்சி செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே நடக்கிறேன்.

இந்த ஞாயிறு என்னால் போக முடியாது என்று நினைக்கிறேன். நாற்காலிக்கு வேறு யாராவது காற்று அடிப்பதாக இருந்தால் இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் குறைத்தே அடிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அதுதான் பழக்கம்.