சாக்குக்குள் இருந்த கப்பல் மணி

பிறர் கதையை ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தும் கேட்டேன். யாழ்ப்பாணம் போகும் பேருந்து நீர்வேலியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. உடனே மணி ஒலித்தது. சாரதி நிறுத்தினார். ஒருவரும் இறங்கவில்லை.

“ஆர் மணி அடிச்சது?” என்று நடத்துனர் கேட்டார்.

எனக்கு முன்னால் இருந்த வயதான பெண் மடியிலிருந்த சாக்கைத் தொட்டார்.

“இது கப்பல் மணி, தம்பி. கோயிலுக்குக் குடுக்கப்போறன். உலகப்போரிலை நீர்மூழ்கிக் கப்பலுகளைத் துரத்தின கப்பல். அப்பா அதிலை வேலை செய்தவர். பிறகு அதை உடைக்கேக்கை மணியை வாங்கிக்கொண்டு வந்தவர்.”

“எத்தினையைப் பிடிச்சது?”

“சத்தம் கேட்ட இடமெல்லாம் குண்டு போட்டவையாம். மிதந்தது மீன்தான்.”

“அப்ப மீன்பிடிக் கப்பல் எண்டு சொல்லுங்கோ!”

அவர் சிரித்தார். “ஆக்களைக் கொன்ற கப்பலெண்டால் மணி வேண்டாமெண்டு ஐயர் சொல்லிப்போட்டார். ஒருநாள் மட்டும் குண்டு போட்ட இடத்திலை எண்ணெய் மிதந்ததாம். கீழை என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“இதை ஐயரிட்டைச் சொல்லாதையுங்கோ, அம்மா.”

பேருந்து புறப்பட்டது. என் வீடு நீர்வேலியில்தான். அவருடைய பதிலைக் கேட்பதற்காக நான் இறங்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஊரான கோப்பாய் தாண்டிய பிறகுதான் அவர் பேசினார்.

“சொல்லத்தான் வேணும், தம்பி. அந்தக் கடலுக்குக் கீழை ஆரும் இருந்திருந்தால் அவைக்கும் கேக்கட்டும் எண்டுதான் அப்பா இதைக் கோயிலுக்குக் குடுக்கச் சொன்னவர். உண்மையை ஒளிச்சு அடிக்கிற மணி அவைக்கு எதுக்கு?”