சாதா பெட்ரோல்

வாசலில் நிற்கிற கார் உங்களுடையதுதானே ஐயா? அதற்கு விலை கூடிய பெட்ரோல் போடாதீர்கள். காசுக்குப் பிடித்த கேடு. வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிற வண்டிக்குச் சாதா பெட்ரோலே போதும். என் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன். பொய் சொல்லிப் பிழைத்தவன் இல்லை நான்.

ஆக்டேன் என்றால் பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். பலம் இல்லை, பொறுமை. எஞ்சினுக்குள் எவ்வளவு நெருக்கினாலும் தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாத பொறுமை. டர்போ வைத்துக் காற்றைத் திணிக்கிற பந்தய எஞ்சினுக்கு அது இல்லாமல் ஆகாது. பொறுமை போன பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். கொஞ்ச நேரம் தட்டினால் பிஸ்டன் போய்விடும்.

என் தம்பி ஓட்டிய காரின் எஞ்சினை நான்தான் கட்டினேன். அம்மா போனபோது அவன் அரைக்கால் சட்டை. சோறு போட்டதும் நான், ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்ததும் நான். நன்றாக ஓட்டுவான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எஞ்சின் என்னுடையது. அதற்கான பந்தய பெட்ரோலை நானே வரவழைப்பேன், நானே கலப்பேன். தீப்பொறி எந்த நொடியில் விழவேண்டும் என்று கம்ப்யூட்டரில் அமைப்பதும் நானே.

அவன் சாம்பியன் ஆனதும் பெட்ரோலில் கலக்கிற ஆக்டேன் பூஸ்டர் விற்கிற ஒரு கம்பெனி அவனைப் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கப் போஸ்டர். கையில் பாட்டிலோடு சிரிக்கிறான். கீழே, ‘என் வெற்றியின் ரகசியம்’. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட எங்கள் டேங்குக்குள் போனதில்லை ஐயா. மூன்று பாயிண்ட் கூடும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. வாங்குகிறவன், ஆக்டேன் தொண்ணூற்றொன்று இருந்தால் தொண்ணூற்றுநாலு ஆகிவிடும் என்று நம்புவான். அவர்கள் கணக்கில் பத்துப் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஆக்டேன் ஒன்று கூடும்.

“என்னடா இது?” என்று கேட்டேன்.

“விளம்பரம்ணே. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறே.”

“எஞ்சினைக் கட்டுனது யாருன்னு ஒரு இடத்துலயாவது சொன்னியா?”

“ஓட்டுறவன் மூஞ்சிதாண்ணே போஸ்டர்ல வரும். உன் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?”

அதைக்கூட விட்டுவிட்டேன். பிறகு அவனுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினான். “எங்கண்ணனுக்கு என்ன வேலைன்னு கேக்குறாங்க. பாட்டிலத் தொறந்து ஊத்துறதுதான். அதுலயும் ஒரு சொட்டு சிந்த மாட்டாரு.” அரங்கமே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளும் சிரித்தாள். கல்லூரிக்குப் போகிற பெண், ஒரே பிள்ளை. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர்.

கோபம் வந்ததா என்றால், இல்லை. அவன் ஊருக்குச் சொன்னதை அப்படியே செய்துகாட்டலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்கள் தங்கள் விருந்தினர்களைப் பந்தயக் காரில் உட்காரவைத்துச் சுற்றிக்காட்ட ஒரு நாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்று காலை தெருமூலை பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சாதா பெட்ரோல் பிடித்து வந்தேன். அதில் அவர்களுடைய பாட்டில் ஒன்றை, லேபிளில் சொன்னபடி, சிந்தாமல் கலந்தேன். நான் ஊற்றியது விஷம் இல்லை. உங்கள் காரிலும் அதே பெட்ரோல்தான் இருக்கிறது.

எஞ்சினில் ஒரு சென்சார் உண்டு. தட்டுகிற சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். அதை அணைத்தேன். விட்டிருந்தால் கார் கொஞ்சம் சோர்ந்து ஓடியிருக்கும், பாட்டிலின் லட்சணம் யாருக்கும் தெரிந்திருக்காது. எஞ்சின் உடையும், கார் நிற்கும், எல்லோர் கண்முன்னாலும் அவன் இறங்கி நடந்து வருவான். என் கணக்கு அதுதான்.

முதல் சுற்றில் தனியாகத்தான் போனான். நேர்ப்பாதையில் வேகம் பிடித்தபோது வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

“அண்ணே, உள்ள என்னமோ தட்டுது.”

“ஒண்ணுமில்ல. மிதி.”

மிதித்தான். எஞ்சின் விஷயத்தில் என் பேச்சைத் தட்டியதே இல்லை அவன். பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. எண்ணெய் பின்சக்கரங்களுக்கு அடியில் கொட்டியது. வளைவில் கார் வளையவில்லை. சுவர் இருந்தது.

போஸ்டர்களை மறுநாளே கிழித்துவிட்டார்கள். அதில் எனக்குத் திருப்திதான், மறைக்கவில்லை. தூக்கில் போட்டாலும் இதையேதான் சொல்வேன். பாட்டிலை நம்பச் சொன்னவன் அவன். நான் அவனை நம்பினேன், அது குற்றமென்றால் குற்றம். தம்பி சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் மகள் உங்களிடம் வந்து பேசியிருக்கிறாள் போலிருக்கிறது. உண்மைதான். முதல் சுற்றுக்கு அவள்தான் போவதாக இருந்தது. ஹெல்மெட் மாட்டி, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள். நான்தான் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினேன்.

“ஏம்ப்பா? ஒரு ரவுண்டுதானே.”

“வெயிலா இருக்கு. எறங்கு.”

“விடுண்ணே, பத்திரமா கொண்டாந்து விடுறேன்” என்று தம்பி சிரித்தான். நான் அவள் கையைப் பிடித்து இறக்கி, கூடாரத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

அன்று முழுக்க மேகமூட்டம் என்று சொன்னாளா? சின்னப் பெண், ஞாபகம் இருக்காது. வெயில் என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.