கடல் தெரியாத லாட்ஜ்

– சிரிக்காதீங்க, தாமோதரன் சார். மாமல்லபுரம் வர்றவங்களுக்கு ரூம் தேடித் தர்றதுக்குன்னு நான் பண்ணின வெப்சைட் அது. அதுல 'கடல்'னு தேடினா, செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற உங்க லாட்ஜ் எப்படி முதல்ல வருது?

– பண்ணது நீ. என்னாண்ட கேட்டா எப்டிம்மா, சஹானா?

– நீங்க அனுப்பின விவரத்தைப் படிக்கிறேன், கேளுங்க. "இங்கே கடல் இல்லை. ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாது. கடல் காற்று வராது. கடல் சத்தம் கேட்காது. கடல் வேண்டுவோர் பஸ் ஏறவும்."

– ஒரு வரியாவது பொய்யா?

– அஞ்சு கடல் இருக்கு சார்! தேடுற வார்த்தை எந்த விவரத்துல அதிகமோ, அதை மேல காட்டுன்னு எழுதி வெச்சிருக்கேன். 'இல்லை', 'தெரியாது' எல்லாம் அதுக்குப் புரியாது.

– எங்க சம்பந்தியும் அப்டித்தான். 'இல்லை'ன்னா காதுலயே ஏறாது.

– விளையாடாதீங்க. இந்த வெப்சைட் வேலையை எனக்குக் குடுத்த கடற்கரை லாட்ஜ் சங்கத் தலைவர் பாஷ்யம் லெட்டர் போட்டிருக்கார். இன்னிக்கு நாலு மணிக்குள்ள உங்களைக் கீழே இறக்கலைன்னா கான்ட்ராக்ட் ரத்தாம். இது எனக்கு முதல் ப்ராஜெக்ட், சார்.

– வந்தவன் எவனாவது குறை சொன்னானா? போன வாரம் ஒரு ஜெர்மன்காரன் மொட்ட மாடியில நின்னுகினு கொளவாய் ஏரியையே பாத்தான். "அலையே இல்லியே"ன்னான். "ஞாயித்துக்கெழமை லீவு"ன்னேன். திங்கக்கெழம வரிக்கும் தங்கிட்டுப் போனான்.

– சார்!

– சரி, இப்ப இன்னா பண்ணப் போற?

– ஊர்ப் பேருக்குத் தனிக் கட்டம் இருக்கு. அதை முதல்ல பாரு, கடலோர ஊரா இருந்தா மட்டும் மேல ஏத்துன்னு ரெண்டு வரி சேர்க்கணும். பத்து நிமிஷ வேலை. ஆனா உங்க ரூமெல்லாம் காலியாயிடும். சொல்லாம செய்ய மனசு வரலை, அதான் நேர்ல வந்தேன்.

– தாராளமா பண்ணிக்கோ.

– நிஜமாவா? அப்ப அந்த பாஷ்யத்துக்கு உடனே சொல்லிடறேன். காலையிலேருந்து போனே எடுக்க மாட்டேங்கிறார்.

– எப்டி எடுப்பாரு? மேல, நேத்து காலியான நாலாம் நம்பர் ரூம்ல தூங்கினுகீறாரு.

– யாரு, பாஷ்யமா? இங்கயா?

– கத்தாதம்மா, முழிச்சிக்கப் போறாரு. அங்க அலை சத்தத்துல தூக்கமே வர்லன்னு பத்து வருஷமா வாராவாரம் இங்க வராரு. உன் வெப்சைட் வந்தப்புறம் மூணு வாரம் ரூம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன், நாலாவது வாரம் உனக்குக் கடுதாசி போட்டுட்டாரு.